விருந்தாளிக்கு எத்தனை அறை?



2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் 68 இலட்சம் மாணவ மாணவியர்க்கு வழங்குவது என்பது அன்று அறிவிக்கப்பட்ட இலக்கு. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற நம் பிள்ளைகளும் அதனைப் பெற்று, மார்போடு அணைத்தபடி வீடு வந்து சேர்ந்தனர். லப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் எத்தனையோ இல்லங்களுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவாகத்தான் இருந்திருக்கும். இன்று அது எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில், பழைய துணிகளுக்கு இடையில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதனை எழுப்ப நினைப்பவர்களுக்காகவே இம்மாதப் பக்கம்.

அந்த மடிக்கணினிக்குள் ஒன்றல்ல, இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று அனைவரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் நான்கு சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அப்பெயரை இட்டனர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இது, டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. விலை கிடையாது. இவ்வாறு இரண்டு தளங்கள் குடியிருக்கும் கணினியை இயக்கியவுடன் இரண்டின் பெயர்களும் சில நொடிகள் திரையில் தோன்றும். நாம் எதையும் தொடாவிட்டால், முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்ட ஒன்று தானாகத் திறந்துகொள்ளும். தொடாமல் இருப்போரே உலகில் மிகுதி. ஆகவே பெரும்பாலான வீடுகளில் பாஸ் லினக்ஸ் ஒருநாளும் கண்விழித்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

நாம் வாய் திறந்து எதுவும் கூறாதபோது கருவி தானாக எடுத்துக்கொள்ளும் முடிவிற்கு இயல்பமைப்பு என்று பெயர். தேநீர்க் கடையில் 'ஒரு டீ' என்று மட்டும் சொன்னால் சர்க்கரை கலந்துதான் வரும். நீரிழிவு உள்ளவர்தாம் 'சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். கடைக்காரர் மீது குற்றமில்லை. பெரும்பாலோர் விரும்புவதை அவர் இயல்பாக்கியிருக்கிறார். ஆனால் சொல்ல மறந்தால் துன்பம் நமக்குத்தான். கணினியின் இயல்பமைப்பும் அத்தகையதே.

அந்த மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றின் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கி வந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14 அன்று நின்றது. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும் கேட்கிறது. பழைய கணினி இவற்றுக்கு எங்கே போகும்? இதே நெருக்கடி 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு நேர்ந்தபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. அரசு நாடிய அவ்வழி வீட்டாருக்கும் திறந்தே இருக்கிறது. பாஸ் வேண்டாமெனில் டெபியனோ உபுண்டுவோ, அவற்றிலும் எடை குறைந்த வேறொன்றோ நிறுவிக்கொள்ளலாம்.

எனினும் அவ்வழியில் கால் வைத்தவர்கள் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறார்கள். எல்லாம் சரி, அந்த ஒரு மென்பொருள் என்னாவது என்பதே அவர்களின் கேள்வி. ஒருவருக்கு அது பத்தாண்டுக் கடைக்கணக்கை வைத்திருக்கும் மென்பொருள். இன்னொருவருக்கு மகள் தட்டச்சுப் பழகும் சிறு நிரல். மூன்றாமவருக்கு ஜமாஅத் அறிவிப்புகளை அடித்துக் கொடுத்த பழைய தமிழ்ச் சொற்செயலி. அனைத்தும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. லினக்ஸின் மொழி அவற்றுக்குத் தெரியாது.

இதற்கு மருந்தாக உள்ள மென்பொருளின் பெயர் வைன். பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் மதுவைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளே இதிலும் உள்ளன என்றாலும், 'வைன் என்பது ஒரு போலி இயந்திரம் அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகவே அதற்கு விளக்கம் தரப்படுகிறது. (பெயரிட்டவர்கள் வேறு நாலெழுத்தைத் தேர்ந்திருந்தால் நம் வீடுகளில் அறிமுகம் செய்வது எளிதாக இருந்திருக்கும்!) 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் தொடங்கிய இப்பணியை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையேற்று நடத்தி வருகிறார். முழுமை பெற்றதாகக் கருதி முதற்பதிப்பு என்று எண் கொடுத்து வெளியிட அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அது வெளிவந்தது 2008 ஜூனில்.

வைன் செய்யும் வேலையை நம் பெரியோர் அறிந்த ஒரு சொல்லால் விளக்கலாம். அது துபாஷி. விண்டோஸ் மென்பொருள் 'ஒரு சாளரம் திற', 'இக்கோப்பைச் சேமி' என்று தன் மொழியில் கேட்கிறது. துபாஷி அருகிலிருந்து அதனை லினக்ஸின் மொழியில் சொல்லி, கிடைத்த பதிலைத் திருப்பிச் சொல்கிறார். மென்பொருளோ தான் இன்னும் விண்டோஸ் வீட்டில்தான் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. தனியாக ஒரு விண்டோஸ் வாங்க வேண்டியதில்லை. 2 ஜி.பி. நினைவகத்தில் இரண்டு இயங்குதளங்களை ஒருசேர ஓட்டி மூச்சுத் திணற வேண்டியதுமில்லை. பழைய மடிக்கணினிக்கு இது ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே.

இனி இயல்பமைப்புக்கு வருவோம். வைனை முதன்முறை இயக்கியதும், நம்மைக் கேளாமலேயே அது ஒரு வேலை செய்கிறது. நமது வீட்டுக் கோப்புறைக்குள், பெயரின் முன் ஒரு புள்ளி வைத்து, கண்ணுக்குப் புலப்படாத கோப்புறை ஒன்றைக் கட்டுகிறது. அதற்குள் விண்டோஸ் வீட்டைப் போலவே ஒரு சி டிரைவ் அமைகிறது. அதில் புரோகிராம் ஃபைல்ஸ் இருக்கும், விண்டோஸ் என்ற அறையும் இருக்கும். வரும் மென்பொருள் அங்கேதான் தங்கும். இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. விருந்தாளிக்குத் திண்ணையை ஒட்டி ஓர் அறை ஒதுக்கியதைப் போன்றது.

ஆனால் வைன் அத்தோடு நிற்பதில்லை. இசட் டிரைவ் என்ற பெயரில் இன்னொரு கதவையும் திறந்து வைக்கிறது. அந்தக் கதவு திறப்பது எங்கே தெரியுமா? கணினியின் வேருக்கு, அதாவது முழு வீட்டுக்கும். மேலும் விருந்தாளியின் அறையில் 'ஆவணங்கள்', 'படங்கள்', 'பதிவிறக்கங்கள்' எனத் தெரியும் கோப்புறைகள் உண்மையில் அவருடையவை அல்ல. நம்முடைய அதே பெயர்க் கோப்புறைகளுக்குப் போடப்பட்ட இணைப்புகள் அவை. நாம் எவற்றையெல்லாம் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் முடியுமோ, அவற்றையெல்லாம் வைன் வழியே ஓடும் மென்பொருளும் செய்ய முடியும். திண்ணையில் அமர வேண்டியவருக்கு அடுப்படி வரை, உள்ளறைப் பெட்டி வரை வழி விட்டாயிற்று.

நம் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சபர் சென்றுள்ள அத்தாவின் பாஸ்போர்ட்டும் இகாமாவும் ஸ்கேன் செய்யப்பட்டு அங்கேதான் உள்ளன. வீட்டாரின் ஆதார் அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், நிலப் பத்திரத்தின் நகல், நிக்காஹ் அன்று எடுத்த குடும்பப் படங்கள் அனைத்தும் 'ஆவணங்கள்' அல்லது 'படங்கள்' கோப்புறையில்தான். பிள்ளை எங்கோ ஒரு தளத்திலிருந்து விளையாட்டு ஒன்றையோ, பணம் கட்டாமல் கிடைத்த 'திறந்துவிட்ட' மென்பொருளையோ இறக்கி வைனில் ஓட்டுகிறான் என்று கொள்ளுங்கள். 'லினக்ஸில் வைரஸ் வராது' என்று யாரோ சொன்னது அவன் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் தீநிரலையும் நன்றாக ஓட்டிக் காட்டும் அளவுக்கு வைன் திறமையான துபாஷி என்பதை அவன் அறியான். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வகைப் பூட்டுநிரல் தேடிச் செல்வது இத்தகைய ஆவணக் கோப்புறைகளைத்தான்.

எல்லாத் துபாஷிகளும் இப்படித்தானா எனக் கேட்கலாம். இல்லை. டாஸ் காலத்து நிரல்களை ஓட்டுவதற்கு டாஸ்பாக்ஸ் என்றொரு மென்பொருள் 2002 முதல் கிடைக்கிறது. அதைத் திறந்தால் அங்கும் ஓர் இசட் டிரைவ் தென்படும். ஆனால் அது டாஸ்பாக்ஸ் தனக்குள் வைத்திருக்கும் சின்னஞ்சிறு அலமாரி மட்டுமே. நம் கணினியின் ஒரு கோப்புகூட அதில் தெரியாது. 'இந்தக் கோப்புறையைச் சி டிரைவாக வைத்துக்கொள்' என்று நாமே பெயர் சொல்லி அழைத்தால்தான் அந்த ஒன்று மட்டும் உள்ளே வரும். ஒரே எழுத்து, ஓரிடத்தில் மூடிய அலமாரி, மற்றோரிடத்தில் முழு வீட்டின் வாசல்! விர்ச்சுவல்பாக்ஸ் போல ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியையே உருவாக்கும் மென்பொருளும் மூடிய இயல்புடையதே. பகிர்வுக் கோப்புறை எதுவும் இயல்பாக இராது. இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டும் வசதிகூட நாம் அனுமதித்த பின்னரே இயங்கும். எதிர்த் திசையில், விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு வைனைப் போன்றது. நம் சி டிரைவ் முழுவதையும் லினக்ஸ் பக்கத்துக்குத் தானாகவே காட்டிவிடும்.

வைனை உருவாக்கியோர் ஏன் இவ்வாறு செய்தனர்? நம்மை ஏமாற்றும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. பதிவிறக்கிய கோப்பை இருமுறை தட்டினால் உடனே ஓட வேண்டும், கடிதம் எழுதிச் சேமித்தால் அது வழக்கமான இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே பயனரின் விருப்பம். கதவு மூடியிருந்தால் 'என் கோப்பைக் காணவில்லை' என்ற புகார்களே மலைபோல் குவியும். ஆகவே வசதியின் பக்கம் சாய்ந்தார்கள். தனியொருவர் கணினிக்கு அது பொருந்தலாம். அத்தாவின் ஆவணமும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம் குடும்பக் கணினிக்குப் பொருந்தாது என்பது என் துணிபு.

மாற்றுவது கடினமன்று. வைனுடன் வரும் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் மேலே பல தாவல்கள் இருக்கும். 'டிரைவ்கள்' என்ற தாவலுக்குள் சென்று இசட் என்பதைத் தேர்ந்து நீக்கிவிடலாம். அதற்குப் பதில் 'கடைக்கணக்கு' என்று ஒரு கோப்புறை அமைத்து, அதை மட்டும் டி டிரைவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவ வேண்டிய மென்பொருளையும் அதிலேயே வைத்து அங்கிருந்து இயக்குங்கள். அடுத்து 'டெஸ்க்டாப் ஒருங்கிணைப்பு' என்ற தாவலில் ஆவணம், படம் முதலிய இணைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் இணைப்பையும் அகற்றினால், விருந்தாளிக்கு அவர் அறையிலேயே தனிப் பெட்டி கிடைத்துவிடும்.

இதோடு காவல் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இசட் டிரைவை நீக்குவது கதவுக்குத் திரை போடுவதே, பூட்டுப் போடுவதன்று. டிரைவ் எழுத்தைத் தேடும் மென்பொருளுக்குத் திரை போதும். தீய நோக்கத்தோடு எழுதப்பட்டது வேறு வழியில் நுழையக்கூடும். வைன் திட்டத்தாரே தம் விளக்கக் குறிப்புகளில் இதனை ஒளிக்காமல் எச்சரித்துள்ளனர். உண்மையான பூட்டு லினக்ஸிடமே உள்ளது. விண்டோஸ் மென்பொருள்களுக்கென்று கணினியில் தனியே ஒரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள். அதற்கு வேறு கடவுச்சொல் வையுங்கள். வைனை அந்தக் கணக்கில் மட்டுமே இயக்குங்கள். ஒரு பயனரின் பூட்டிய கோப்புறையை இன்னொரு பயனரின் நிரல் திறக்க முடியாது.

'பூட்டிய' என்று சொன்னேன். அங்கும் ஓர் இயல்பமைப்பு ஒளிந்திருக்கிறது. டெபியனும் உபுண்டுவும் பல ஆண்டுகளாக ஒரு பயனரின் வீட்டுக் கோப்புறையை மற்றப் பயனர்கள் படிக்கும்படிதான் விட்டு வைத்திருந்தன. உபுண்டு 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பிலிருந்தே புதிய கணக்குகளுக்கு அதனை மூடியது. பழைய பதிப்பில் தொடங்கிய கணக்கெனில், உங்கள் வீட்டுக் கோப்புறையின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, பண்புகளில் 'அனுமதிகள்' பகுதிக்குச் சென்று, 'மற்றவர்கள்' என்பதற்கு நேரே 'எதுவும் இல்லை' என்று வையுங்கள். அதன் பிறகே தனிக் கணக்கு தனி வீடாகும். நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு வைனை ஒருபோதும் இயக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படி இயக்கினால் விருந்தாளியின் கையில் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்ததாகும்.

அமைப்புப் பெட்டியில் முதலாவதாக இருக்கும் 'பயன்பாடுகள்' தாவலுக்குத் திரும்புவோம். அங்கே பட்டியலின் தலையில் ஒரே ஒரு வரி நிற்கும். அதன் பெயரே 'இயல்பமைப்புகள்' என்பதுதான். அதன் கீழ், எந்த விண்டோஸ் பதிப்பாக நடிக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம். மென்பொருள் 'நீ யார்?' என்று கேட்கும்போது வைன் சொல்லும் பதில் அது. 2022 ஜனவரியில் வந்த வைன் 7.0 முதல், புதிதாக அமைக்கப்படும் கோப்புறைகளில் 'நான் விண்டோஸ் 10' என்பதே அந்த இயல்பான பதில். பழைய மென்பொருள் சில இதைக் கேட்டு மிரண்டு நின்றுவிடும். அது பிறந்த நாளில் விண்டோஸ் 10 என்று ஒன்று உலகில் இல்லை.

மென்பொருள் தான் எழுதப்பட்ட ஆண்டிலேயே உறைந்து நிற்கும் என்பதற்கு நம் மண்ணே நல்ல சான்று. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. அப்படியானால் 2005இல் எழுதப்பட்ட முகவரி மென்பொருளில், மாவட்டத்தைத் தேர்வு செய்யும் பட்டியலில் அரியலூர் எவ்வாறு இருக்கும்? அரியலூர்வாசி அதில் பெரம்பலூரையே தேர்ந்தாக வேண்டும். அம்மென்பொருளோடு வழக்காடிப் பயனில்லை. அதன் காலத்துப் பதிலையே அதற்குத் தர வேண்டும்.

ஆனால் இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு மென்பொருள் ஓடவில்லை என்றதும், தலைவரியான 'இயல்பமைப்புகள்' என்பதையே விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாற்றிவிடுகிறார்கள். பிடிவாதக்காரர் எழுந்து ஓடுகிறார். நேற்றுவரை ஒழுங்காக இருந்த மற்ற இரண்டும் படுத்துவிடுகின்றன. வீட்டில் ஒருவருக்குக் காரம் ஆகாது என்பதற்காகக் குடும்பத்துக்கே பத்தியச் சோறு ஆக்குவோமா? அதே தாவலில் 'பயன்பாட்டைச் சேர்' என்ற பொத்தான் உள்ளது. அதனை அழுத்திப் பிடிவாதக்காரரின் கோப்பைக் காட்டினால் அவர் பெயர் தலைவரியின் கீழ் தனியே வந்து நிற்கும். அவரைத் தேர்ந்துகொண்டு எக்ஸ்பி என்று வைத்தால் மாற்றம் அவருக்கு மட்டுமே. 'நூலகங்கள்' தாவலிலும் இதே வழிதான். அங்கே சேர்ப்பதற்காக டி.எல்.எல். கோப்புகளைக் கண்ட தளங்களிலிருந்தெல்லாம் இறக்க வேண்டாம். தீநிரல்கள் அப்பெயரிலும் நுழைகின்றன.

சிலருக்கு மென்பொருள் நிறுவும் முதற்படியே ஏறாது. டெபியன் குடும்பத்துக் கணினிகளில் வைனை நிறுவினால் வழக்கமாக 64 பிட் பகுதி மட்டுமே வருவதே காரணம். நம் பழைய மென்பொருள்களோ பெரும்பாலும் 32 பிட் காலத்தவை. 32 பிட் தொகுப்புகளையும் ஏற்கும்படி கணினிக்கு ஒருமுறை அறிவித்து, வைனின் அந்தப் பகுதியையும் நிறுவிவிட்டால் தடை நீங்கும். இதனை அறியாமல் 'வைன் உதவாது' என்று தீர்ப்பெழுதியவர்கள் பலர்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யூனிகோடும் டேஸ் 16உம் தமிழுக்கான குறியீட்டுத் தரங்கள் எனத் தமிழக அரசு 2010 ஜூனில் ஆணையிட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்டவை பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற பழைய முறைகளில் உள்ளன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் குடியிருக்கும். அதே எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகக் காட்சி தரும். வைன் லினக்ஸில் உள்ள எழுத்துருக்களைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் லினக்ஸோடு வரும் தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு வகையினவே. எனவே பழைய விண்டோஸ் அழியும் முன்பே, அதன் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து நீங்கள் பயன்படுத்தி வந்த தமிழ் எழுத்துருக் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைனின் சி டிரைவில் 'விண்டோஸ்' என்பதற்குள் 'ஃபான்ட்ஸ்' கோப்புறை இருக்கும். அங்கே இட்டால் பழைய சொற்செயலி தன் தமிழை அடையாளம் கண்டுகொள்ளும். அவசியமான கடிதங்களை மட்டும் எழுத்துமாற்றிகளின் துணையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நன்று.

சிறு தொல்லைகள் இரண்டு. வைனில் மென்பொருளை நிறுவிய பின், சாதாரண எழுத்துக் கோப்பைத் தட்டினால்கூட விண்டோஸ் நோட்பேட் திறந்துகொள்ளக்கூடும். கோப்புவகைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இயல்பே காரணம். புதிய பதிப்புகளில் அதை நிறுத்தும் கட்டம் 'டெஸ்க்டாப் ஒருங்கிணைப்பு' தாவலிலேயே இருக்கிறது. எழுத்து சிறிதாகி, கண்ணாடி அணிந்த பெரியவர்கள் சிரமப்பட்டால் 'கிராபிக்ஸ்' தாவலில் 96 என்றிருக்கும் எண்ணை 120 ஆக்கிப் பாருங்கள்.

எல்லாம் வைனில் ஓடிவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. வைன் திட்டத்தின் தரவுப் பட்டியலில் மென்பொருள்களுக்குப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் இட்டிருக்கிறார்கள். கடைசித் தரத்தின் பெயர் குப்பை! உங்களுடையது எந்தப் படியில் உள்ளது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட டிரைவரைக் கேட்கும் சாதனங்கள், குறிப்பாக மின்கையெழுத்துக்கான யு.எஸ்.பி. சாவி போன்றவை, பெரும்பாலும் வைன் வழியே இயங்குவதில்லை. வரிக்கணக்கு அதை நம்பியிருந்தால், லினக்ஸிலேயே ஓடும் டிரைவரை அதன் நிறுவனம் தருகிறதா என்று முதலில் கேட்டறியுங்கள்.

பிள்ளைகளின் விளையாட்டுகளுக்கு 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. அதன் இயல்பமைப்பில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அது தனித்தனிக் கோப்புறை கட்டுகிறது. ஒன்றின் அமைப்பு கெட்டால் மற்றது கெடாது. (முழு வீட்டின் வாசல் அதிலும் திறந்தே இருப்பதால் தனிக் கணக்கு அங்கும் தேவை.) நம் வைனிலும் இதைச் செய்யலாம். கடைக்கணக்குக்கு ஒரு கோப்புறை, தட்டச்சுக்கு இன்னொன்று எனப் பெயர் சொல்லி இயக்கினால் அது அவ்வாறே கட்டித் தரும். கணக்குக் கோப்புறை ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே அதை முழுவதும் ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி, அதன் பிறகு பென்டிரைவில் பிரதி எடுங்கள். கட்டாமல் அப்படியே பிரதி எடுத்தால் உள்ளே இருக்கும் இணைப்புகள் அறுந்துவிடும். பின்னொரு நாள் யாரேனும் எதையேனும் மாற்றிக் குழப்பிவிட்டால், அதன் பின் எழுதிய கணக்குக் கோப்புகளை மட்டும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட கோப்புறையை அழித்து, சுருக்கக் கோப்பை அதே இடத்தில் விரித்தால் போதும்.